வருவது யார்?

பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். சோமனூரில் விமானப்படையைப் பற்றிப் பேசுவது எளிது. தேஜஸ் போர்விமானம் தலைக்கு மேல் போனால் தறிச் சத்தமே அமுங்கிவிடும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

அந்த விமானம் யாருக்குக் கட்டுப்பட்டது? இந்திய விமானப்படையில் 7 கட்டளையகங்கள் உள்ளன. ஐந்து, நிலப்பரப்பைப் பங்கிட்டுக்கொண்டு போர்ப்பணியைப் பார்க்கின்றன. மற்ற இரண்டில், பெங்களூரில் உள்ளது பயிற்சியையும், நாக்பூரில் உள்ளது பராமரிப்பையும் கவனிக்கின்றன. நம் பக்கத்துச் சூலூர் விமானப்படைத் தளத்தில் உள்ள தேஜஸ் விமானங்கள், திருவனந்தபுரத்தில் உள்ள தெற்குக் கட்டளையகத்துக்குக் கட்டுப்பட்டவை. அங்கேயே உள்ள பழுதுபார்ப்புப் பணிமனையோ நாக்பூருக்குக் கட்டுப்பட்டது. ஒரே ஊரில் இரண்டு எசமானர்கள்! விந்தையாகத் தோன்றினாலும், பறப்பவரின் அவசரம் பழுதுபார்ப்பவரை அவசரப்படுத்தாதிருக்க இந்த ஏற்பாடு நல்லது என்பதே என் கருத்து.

வான்பாதுகாப்பு என்பது நிமிடக் கணக்கு. ராடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது, பூமியோ வளைந்தது. 10 மீட்டர் உயரக் கம்பத்தில் இருக்கும் ராடாருக்கு, 100 மீட்டர் உயரத்தில் பதுங்கி வரும் விமானம் சுமார் 54 கிலோமீட்டருக்குள் வந்தால்தான் தென்படும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அது வந்தால், நமக்குக் கிடைப்பது நான்கு நிமிடம்கூட இல்லை. மருதமலை மேல் ஏறினால் கோவை முழுதும் தெரிகிறதல்லவா, அதுபோல ராடாரையே நேத்ரா போன்ற விமானத்தில் ஏற்றி வானுக்குக் கொண்டுபோவது இதனால்தான்.

தரை ராடார், வான் ராடார், பயணிகள் விமானங்களைக் கவனிக்கும் ராடார் எல்லாம் காண்பதை ஒரே படமாகத் திரட்டித் தருவது ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு வலையமைப்பு. அதைப் பார்த்துத்தான் போர்விமானத்தை அனுப்புவதா, ஆகாஷ் ஏவுகணையை ஏவுவதா என்று முடிவெடுக்கிறார்கள்.

சுடுவதைவிட, வருவது யார் என்று அறிவதே கடினம். அதற்காகவே, தரையிலிருந்து ரேடியோ அலையில் வரும் கேள்விக்கு 'நான் நம்மவன்' என்று தானாகப் பதில் சொல்லும் கருவி நம் விமானங்களில் உண்டு. அப்படியிருந்தும் 2019 பிப்ரவரி 27 அன்று, பாகிஸ்தான் விமானங்களோடு மோதல் நடந்த அதே காலைப்பொழுதில், ஸ்ரீநகருக்கு அருகே பட்காமில் நம் எம்.ஐ.-17 ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியது. விமானப்படையினர் அறுவரும், தரையில் இருந்த ஒருவரும் உயிரிழந்தனர். அது நம் தவறுதான் என்று அந்த ஆண்டு அக்டோபரில் விமானப்படைத் தலைமைத் தளபதியே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.