1,450 வரல்ல எண்டா பிஸ்கட் சாப்பிட்டு நிரப்பணுமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். எல்லாரும் சுகமா இரிக்கிறீங்களா? இண்டைக்கு ஒரே ஒரு கேள்விதான். நாலஞ்சு கேள்வி எடுத்து வச்சிருந்தன், இதப் பாத்தாப் பிறகு மத்ததெல்லாத்தையும் அடுத்த கிழமைக்குத் தள்ளிட்டன். களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கா. அப்பிடியே வாசிக்கிறன்.

"அக்கா, எனக்கு வயசு 42, நிறை 74 கிலோ, உயரம் 158 சென்ரிமீற்றர். நிறை குறைக்க ஃபோன்ல ஒரு ஆப் போட்டு, சாப்பிடுறதெல்லாம் எழுதுறன். ஒரு நாளைக்கு 1,450 கலோரி எண்டு அது தந்திரிக்கு. கிழமையில ஒண்டு ரெண்டு நாள், வேலை கூடினா, இல்லாட்டி வெள்ளிக்கிழம விரதம் எண்டா, 1,000க்குள்ளதான் வருது. உடனே ஆப் சிவப்பில எச்சரிக்கை போடுது. குறையச் சாப்பிட்டா உடம்பு பட்டினி எண்டு நினைச்சுக் கொழுப்பப் பிடிச்சு வச்சிரும் எண்டு மகளும் சொல்றா. அதால பசியே இல்லாட்டியும் ராவு பத்து மணிக்கு கிறீம் கிறேக்கர்ல மாஜரீன் பூசிச் சாப்பிட்டு 1,450க்குக் கொண்டு போறன். இது சரியா?"

(சிரிப்பு) தங்கச்சி, குறை நினைக்காதீங்க. நான் உங்களப் பாத்துச் சிரிக்கல்ல. நிறை குறைக்கிறதுக்காக ராவு பத்து மணிக்குப் பசியில்லாம பிஸ்கட் தின்னச் சொல்ற ஃபோன நினைச்சுத்தான் சிரிக்கிறன்.

பதில் முதல்ல: தேவையில்ல. பசி இல்லாட்டி சாப்பிடாதீங்க, படுங்க. பழைய ஆக்களுக்குத் தெரியும், நான் எத்தின வீடியோவில சொல்லியிரிக்கிறன், நாளப் பாக்காதீங்க, கிழமையப் பாருங்க எண்டு. என்ட வீட்டில புள்ளயள் இதச் சொல்லியே என்னப் பகிடி பண்ணுவாங்க. பரவாயில்ல, இன்னொருக்காச் சொல்றன்.

அந்த 1,450 எங்க இருந்து வந்திச்சி எண்டு முதல்ல பாப்பம். அது உங்கட உடம்ப அளந்து சொன்ன கணக்கில்ல. 1990ல வந்த மிஃப்லின் சமன்பாடு எண்டு ஒண்டு இரிக்கு, கனக்க ஆப் அதத்தான் பாவிக்குது. நிறைய பத்தால பெருக்கினா 740. உயரத்த 6.25ஆல பெருக்கினா 988. கூட்டினா 1,728. வயச அஞ்சால பெருக்கிக் கழிக்கணும், அது 210. பொம்பிளைக்கு இன்னொரு 161 கழியும். மிச்சம் 1,357. சும்மா படுத்துக் கிடந்தாலும் உடம்பு எரிக்கிற அளவு அது. கொஞ்சம் நடமாடுற ஆள் எண்டு நீங்க ஆப்பில குத்தியிருப்பீங்க, அதுக்கு 1.375ஆல பெருக்கினா 1,866. நிறை குறையட்டும் எண்டு அதில நானூறு சொச்சத்தக் கழிச்சு 1,450 எண்டு தந்திரிக்கு.

இதில எத்தின ஊகம் இரிக்கு பாருங்க. சமன்பாடே ஆளுக்கு ஆள் நூற்றுக்குப் பத்து அங்கால இங்கால போகும். "கொஞ்சம் நடமாடுற ஆள்" எண்டது நீங்க குத்தின ஒரு பொத்தான். நெல்லு அவிச்சுக் காயப்போட்ட நாளும் அதே 1.375, மழைக்கு வீட்டுக்குள்ள இருந்த நாளும் அதே 1.375. அப்ப உங்கட சரியான கணக்கு 1,300ஆவும் இருக்கலாம், 1,600ஆவும் இருக்கலாம். ஃபோன் அத 1,450 எண்டு ஒரு ரூபா சதம் பிசகாமக் காட்டக்குள்ள, கட்டி முடிக்க வேண்டிய கடன் மாதிரி நமக்குத் தெரியுது. அது கடன் இல்ல.

இப்ப மகள் சொன்ன கதை. உடம்பு பயந்து கொழுப்பப் பிடிச்சு வச்சிரும் எண்டது. தங்கச்சிட நிறைக்கும் உயரத்துக்கும் உடம்பில 25 கிலோவுக்குக் குறையாமக் கொழுப்பு இரிக்கும். ஒரு கிலோக் கொழுப்பு 7,700 கலோரி எண்டு வைங்க. கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் கலோரி சேமிப்பில கிடக்கு. ஒரு வெள்ளிக்கிழம 450 குறைஞ்சதுக்கு அது என்னத்துக்குப் பயப்படுது? உன்னிச்சைக் குளத்தில ஒரு நாள் துருசக் கொஞ்சம் கூடத் திறந்து விட்டா, குளம் பயந்து போய்த் தண்ணியப் பிடிச்சு வச்சிருமா?

அந்தக் கதை வெறும் பொய்யும் இல்ல. ரெண்டாம் உலக யுத்தம் முடியிற நேரம், 1944, 45ல, அமெரிக்காவில மினசோட்டா பல்கலைக்கழகத்தில ஏன்சல் கீஸ் எண்டவர் 36 இளம் பெடியன்மாருக்கு ஆறு மாதத்துக்கு அரைவாசிச் சாப்பாடு மட்டும் குடுத்துப் பாத்தார். தாங்களா விரும்பி வந்தவங்க. அவங்கட உடம்பு எரிக்கிற அளவு நல்லாக் குறைஞ்சுதான் போச்சு. குளிருது எண்டாங்க, நித்திரையிலயும் முழிப்பிலயும் சாப்பாட்டு நினைவுதான். ஆனா நிறை குறையிறது நிண்டதா? இல்ல. நாலில ஒரு பங்கு நிறை போய் எலும்பும் தோலுமா வந்தாங்க. அது மாதக்கணக்கில ஒவ்வொரு நாளும் அரைவயிறு. நீங்க சொல்றது கிழமையில ஒண்டு ரெண்டு நாள். ரெண்டையும் ஒரே பேரில சொல்ற படியாத்தான் இந்தக் குழப்பமெல்லாம்.

சரி, கிழமைக் கணக்குக்கு வாறன். 1,450ஐ ஏழால பெருக்கினா 10,150. ரெண்டு நாள் 1,000 சாப்பிட்டா 900 குறையுது. அவ்வளவுதான், வேற ஒண்டும் நடக்கல்ல. ஆனா சனிக்கிழமை ராவு என்ன நடக்குது எண்டு நான் கேக்கணும். வெள்ளி முழுக்கக் குறையச் சாப்பிட்ட ஆள், சனிக்கிழமை கல்லடிப் பாலத்தால லாத்திட்டு வரக்குள்ள ஒரு கோழிக் கொத்து வாங்கினா அந்த 900 அங்கயே முடிஞ்சுது. அப்ப பிழை வெள்ளிக்கிழமையிலயும் இல்ல, கொத்திலயும் இல்ல. குறைஞ்ச நாளுக்கு அடுத்த நாள் உங்களுக்கு எப்பிடி இரிக்கு? வழமை போலவா, இல்லாட்டி கண்டதெல்லாம் தின்னணும் போல வருதா? அப்பிடி வந்தா உங்களுக்கு அந்த 1,000 காணாது. வரல்ல எண்டா விடுங்க.

இன்னொண்டு. விரதத்துக்கு அடுத்த நாள் தராசில ஏறி ஒரு கிலோ குறைஞ்சிட்டு எண்டு சந்தோசப்படாதீங்க. அதில கனக்கத் தண்ணி. ஈரலிலயும் தசையிலயும் உடம்பு சேமிச்சு வச்சிரிக்கிற மாச்சத்து, கிளைக்கோஜன் எண்டுறது, ஒரு கிராம் குறைஞ்சா அதோட மூண்டு கிராம் தண்ணியும் போகும். சோறு சாப்பிட்டாத் திரும்பி வரும். அதுக்கு அழவும் தேவையில்ல.

குறையிற நாளில நான் பாக்கிறது கலோரிய இல்ல, புரதத்த. நம்மட ஆக்கள் "இண்டைக்குக் குறையத்தான் சாப்பிட்டன்" எண்டா, அது ரெண்டு துண்டு பாணும் பிளேன்டியும். வேலை கூடின நாளில ரெண்டு முட்டை அவிச்சு வைங்க, 12 கிராம் புரதம் வரும். மத்தியானம் சூரை மீன் ஒரு 100 கிராம் எண்டா 20 கிராமுக்கு மேல. விரதம் எண்டா பருப்ப ஒரு அகப்பை கூடப் போடுங்க, கடலை அவியுங்க, சட்டித் தயிர் கொஞ்சம் எடுங்க. ஆனா நம்மட எருமைத் தயிர்ல கொழுப்பும் இரிக்கு, சட்டிய முன்னுக்கு வச்சுக்கொண்டு இருக்கப்படாது. புரதம் குறைஞ்சு நிறை மட்டும் குறைஞ்சா தசையும் சேந்து போகும். 42 வயசில போன தசைய 52ல தேடினா லேசில கிடைக்காது.

இப்ப கொஞ்சம் கடுமையாச் சொல்றன். சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிற ஆக்கள் இதக் கேட்டிட்டு "அக்கா சாப்பிடாம இருக்கலாம் எண்டா" எண்டு சொல்லப்படாது. மெட்போர்மின் மட்டும் எண்டா சீனி அடியோட இறங்கிற பயம் குறைவு. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், டோல்பியூட்டமைட், இல்லாட்டி இன்சுலின் எண்டா கதை வேற. திருக்கோவில் பக்கத்தில ஒரு ஐயா, கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணியோட இருக்கப் போறன் எண்டு இருந்தார். சாப்பாட்ட நிப்பாட்டினவர் குளிசைய நிப்பாட்டல்ல. ரெண்டாம் நாள் கோயில் வாசலிலயே கை நடுங்கி, வேர்த்து, ஆக்களத் தெரியாமப் போயிட்டுது. எல்லாரும் அத உரு வந்ததெண்டு நினைச்சு விபூதி போட்டாங்க. நல்ல வேளை, பேத்தி ஒருத்தி சீனித்தண்ணி பருக்கினா. விரதமோ நோன்போ, தொடங்க முதல் கிளினிக்கில கேளுங்க, குளிசைய அதுக்கு ஏத்த மாதிரி மாத்தித் தருவாங்க. காத்தான்குடி, ஏறாவூர்ல இருந்து பாக்கிற கனபேர் நோன்புக்கு முதல் வந்து கேட்டுப்போட்டுத்தான் போறாங்க, அது நல்ல பழக்கம்.

புள்ளத்தாச்சியும் பால் குடுக்கிற தாய்மாரும் இந்தக் கணக்குக்குள்ளயே வரவேணாம். மத்த ஆக்களும், பொம்பிளையள் 1,200க்கும் ஆம்பிளையள் 1,500க்கும் கீழ கிழமைக்கணக்கா ஒவ்வொரு நாளும் போகாதீங்க. 800க்குக் கீழ எண்டா அது டொக்டர் பாத்துக்கொண்டு செய்ற வைத்தியம், வீட்டில செய்ற வேலை இல்ல. நிறை மளமளவெண்டு இறங்கினா பித்தப்பையில கல் வரலாம், ரெண்டு மூண்டு மாதத்தில தலைமயிர் கொத்துக் கொத்தாக் கொட்டலாம்.

தங்கச்சி, நீங்க கேட்டதுக்குப் பதில் முடிஞ்சுது. நீங்க கேக்காத ஒண்டுக்கு இப்ப வாறன், எனக்கு அதுதான் கூட விருப்பம். நீங்க 1,000 எண்டு எழுதுற நாள் உண்மையில 1,000 தானா?

நீங்க பொய் எழுதுறீங்க எண்டு சொல்லல்ல. 1992ல அமெரிக்காவில ஒரு ஆய்வு வந்திச்சி. 1,200க்குக் கீழதான் சாப்பிடுறம், ஆனா நிறை குறையுதில்ல எண்டு சொன்ன ஆக்கள எடுத்து அளந்தாங்க. உடம்பு எரிக்கிறது வழமை போலத்தான் இருந்திச்சி. ஆனா சாப்பிட்டதில பாதிக்குக் கிட்ட அவங்கட எழுத்தில வரல்ல. கல்முனையில ஒரு ஓட்டோக்காரத் தம்பி எனக்குக் கொப்பியில எழுதிக் கொண்டு வந்தார். என்ன வடிவான எழுத்து, கோடெல்லாம் அடிச்சு! பிளேன்டி மட்டும் ஒரு இடத்திலயும் இல்ல. கேட்டா, "அது சாப்பாடா அக்கா?" எண்டார். நாளைக்கு ஆறு பிளேன்டி, ஒவ்வொண்டுக்கும் ரெண்டு கரண்டி சீனி. அதில மட்டும் 240 கலோரி.

சோறும் அப்பிடித்தான். அரிசி 100 கிராம் எண்டா 350 கலோரிக்கு மேல. அதையே சோறாக்கினாப் பிறகு 100 கிராமுக்கு 130 அளவுதான். ஆப்பில எதக் குத்தினீங்க? புட்டுக்கு மா எழுதின ஆள் தேங்காப்பூவ எழுதினாவா? தேங்காப்பூ 100 கிராமில 350 கலோரி இரிக்கு, அத முதலே ஒரு வீடியோவில விலாவாரியாச் சொன்னன், இப்ப திரும்ப இழுக்கல்ல. சமைக்கக்குள்ள உப்புப் பாக்கிறது, புள்ள மிச்சம் விட்டத வழிச்சுப் போடுறது, அதெல்லாம் எந்த ஆப்பில இரிக்கு?

எல்லாத்தையும் விட எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் 120 கலோரி. தாளிக்கக்குள்ள யாரு கரண்டியால அளக்கிற? போத்தலச் சரிச்சு ஒரு ஊத்து. அதால ஒரு வேலை செய்யுங்க. ஞாயிற்றுக்கிழமை காலம்பற எண்ணெய்ப் போத்தல்ல, எண்ணெய் நிக்கிற இடத்தில பேனையால ஒரு கோடு போடுங்க. அடுத்த ஞாயிறு எவ்வளவு இறங்கியிரிக்கு எண்டு பாருங்க. நாலு பேர் இரிக்கிற வீட்டில 700 மில்லிலீற்றர் போயிரிக்கு எண்டு வைங்க, நிறை 640 கிராம் வரும், ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி, 5,760. நாலு பேருக்கும் ஏழு நாளைக்கும் பிரிச்சா ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 சொச்சம். பொரிச்ச எண்ணெயக் கொட்டினா அதக் கழிச்சிருங்க.

அந்த 200ஐ உங்கட ஆப்பில தேடிப் பாருங்க தங்கச்சி. இல்லாட்டி, உங்கட 1,000 நாள் 1,200 நாள். பாண் துண்டும் பிளேன்டியும் விட்டுப்போயிருந்தா 1,300. அப்ப நீங்க பத்து மணிக்கு பிஸ்கட்டால நிரப்பினது ஏற்கெனவே கிட்டத்தட்ட நிரம்பிக் கிடந்த ஒண்ட. கோடு போட்ட போத்தல ரெண்டு ஞாயிறும் படம் எடுத்து அனுப்புங்க, எத்தின பேர் சாப்பிடுறீங்க எண்டும் எழுதுங்க. மத்த ஆக்களும் அனுப்பலாம். மாஜரீன் டப்பாவிலயும் ஒரு கோடு போடுங்க.