சைக்காலஜி படிச்சா விசுவாசம் போயிடுமா? – உங்கள் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. தரங்கம்பாடி பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. பேர் சொல்ல வேணாம்னு கேட்டிருக்காங்க, சொல்லல. வாசிக்கிறேன்.

“அக்கா, நான் பி.எஸ்சி. சைக்காலஜி முடிச்சிட்டேன். கிறிஸ்தவ விசுவாசத்தையும் உளவியலையும் சேர்த்துச் சொல்லித்தர்ற கவுன்சிலிங் படிப்புல எம்.ஏ. சேரணும்னு ஆசை. எங்க பாஸ்டர், ‘வேதம் கையில இருக்கும்போது ஃப்ராய்டு எதுக்கு’ன்னு கேக்குறார். காலேஜ் மேடம், ‘மதத்தைச் செருப்போட வாசல்ல விட்டுட்டு உள்ள வரணும்’கிறாங்க. யார் சொல்றது சரி? இதைத் தபால்ல படிச்சாப் போதுமா?”

தபால் விஷயத்தை முதல்ல முடிச்சிடுறேன். போதாது. அதுவும் இப்ப வழியே இல்ல. 2021-ல வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்துல உளவியலும் வருது. அதை வெச்சு, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலேர்ந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலயோ ஆன்லைன்லயோ நடத்தக்கூடாதுன்னு யூ.ஜி.சி., பல்கலைக்கழக மானியக் குழு, சொல்லிடுச்சு. என்னைக் கேட்டா நல்லதுதான். நீச்சலைத் தபால்ல கத்துக்கிட்டு கொள்ளிடத்துல இறங்க முடியுமா?

மத்த ரெண்டுக்கும் என் கதையிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். புதுசா பாக்குறவங்களுக்குச் சொல்லிடுறேன், நான் ஒரு ஐயரம்மா. லுத்தரன் சபையில போதகருக்கு வாக்கப்பட்டவ. நாப்பது வயசு தாண்டி கவுன்சிலிங் படிக்கப் போறேன்னு சொன்னப்ப, சபை மூப்பர் ஒருத்தர் பேரனோட மார்க் ஷீட்டைத் தூக்கிட்டு வந்துட்டார். “சிவில் கெடைக்குமா மெக்கானிக்கல் கெடைக்குமா, கொஞ்சம் பாருங்கம்மா.” நம்ம ஊர்ல கவுன்சிலிங்னா இன்ஜினியரிங் சீட்டுதானே!

எங்க வீட்டு அடுப்படிதான் அப்ப கவுன்சிலிங் ரூம். ஐயர்கிட்ட சொல்ல முடியாததை ஐயரம்மாகிட்ட சொல்வாங்க. அதைவிட, ஜெபக்குறிப்புச் சீட்டு. காணிக்கைப் பையில துண்டுக் காகிதம் வருமில்ல? இப்ப யோசிச்சா அதுதான் எங்க கேஸ் ஷீட்டு. கஜா புயல் அடிச்சு, 2018 நவம்பர், தென்னையெல்லாம் வேரோட சாஞ்ச பிறகு, வேதாரண்யம் பக்கத்துலேர்ந்து எங்க ஊருக்குக் குடிவந்த ஒரு அம்மா வாராவாரம் ஒரே வரி எழுதுவாங்க. “தூக்கம் வர ஜெபிக்கவும்.” நாங்களும் வாராவாரம் ஜெபிச்சோம். ஒருநாள் மாதர் சங்கம் முடிஞ்சு டம்ளர் கழுவிக்கிட்டிருக்கும்போது, “இந்த அறுவடையோட போதும்னு இருக்கு ஐயரம்மா”ன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அப்படியெல்லாம் பேசக்கூடாது, ஆண்டவர் இருக்கார்.” அவங்க தலையை ஆட்டிட்டு அடுத்த டம்ளரை எடுத்துட்டாங்க. அத்தோட பேச்சு நின்னுபோச்சு. கடவுள் புண்ணியம், அவங்க தங்கச்சிக்கு என்னவோ உறுத்தியிருக்கு, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப நல்லா இருக்காங்க. ஆனா அன்னிக்கு அவங்க வாயை நான்தான் அடைச்சேன், வசனம் மாதிரி ஒண்ணைச் சொல்லி.

படிக்கப்போன பிறகுதான் தெரிஞ்சுது, அந்த இடத்துல ஒரு கேள்வி இருக்கு. “செத்துடலாம்னு தோணுதா?” நேரடியா கேக்கணும். கேட்டா நாமளே எண்ணத்தைத் தூண்டிவிட்டதா ஆயிடும்னு ஒரு பயம் உண்டு. அப்படி ஆகாதுங்கிறதை ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க. கேட்டா பாரம்தான் இறங்கும். (இதைப் பாக்குற யாருக்காவது அந்த எண்ணம் இருந்தா 14416-க்குப் போன் போடுங்க. டெலி மானஸ்னு மனநல உதவி எண், அரசாங்கத்தோடது, தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது.)

இப்ப உங்க பாஸ்டர்கிட்ட வர்றேன். ஃப்ராய்டு எதுக்குன்னு கேக்குறாரே, இந்தத் துறையே சபையோட திண்ணையில பாதி வளந்ததுதான். கார்ல் ராஜர்ஸ் இருக்காரே, ஆளை மதிச்சு, குறுக்கே பேசாம, தீர்ப்புச் சொல்லாம கேக்கணும்னு கவுன்சிலிங்குக்கே அஸ்திவாரம் போட்டவர், அவர் முதல்ல நியூயார்க்ல இறையியல் கல்லூரியில ரெண்டு வருஷம் இருந்துட்டுத்தான் உளவியலுக்கு வந்தார். அமெரிக்காவுல ஆன்டன் பாய்சன்னு ஒரு போதகர். அவருக்கே மனநோய் வந்து 1920-ல ஆஸ்பத்திரியில கிடந்தார். வெளிய வந்து, 1925-ல வொர்செஸ்டர் மனநல ஆஸ்பத்திரிக்கு இறையியல் மாணவர்களைக் கூட்டிட்டுப் போய்ப் பயிற்சி ஆரம்பிச்சார். புத்தகத்தை வாசிக்கிற மாதிரி உயிருள்ள மனுசனை வாசிக்கக் கத்துக்கங்கன்னார். உங்க தரங்கம்பாடியில 1706-ல வந்து இறங்கின ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் என்ன செஞ்சார்? போதிக்க வந்தவர், முதல்ல தானே கத்துக்கணும்னு சின்னப் பிள்ளைங்களோட உக்காந்து மணல்ல அ, ஆ எழுதினார். இதையெல்லாம் பாஸ்டர்கிட்ட பணிவா சொல்லுங்க, சண்டைக்குப் போகாதீங்க. அவர் கட்சிக்கும் அமெரிக்காவுல பெரிய ஆள் இருக்காங்க. 1970-ல ஜே ஆடம்ஸ்ங்கிற போதகர், வேதமே போதும், உளவியலை நம்பி இருக்கக் கூடாதுன்னு ஒரு இயக்கமே தொடங்கினார். அதுக்குச் சில வருஷம் முன்னாடிதான் கலிஃபோர்னியாவுல ஃபுல்லர் இறையியல் கல்லூரி உளவியலுக்குன்னே ஒரு பள்ளி ஆரம்பிச்சிருந்துச்சு. அதனால ‘கிறிஸ்தவ கவுன்சிலிங்’னு போர்டு போட்டிருந்தா எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்காதீங்க. உள்ள ரெண்டு வேற வேற உலகம் இருக்கும்.

மேடம் சொன்ன செருப்புக் கதை. கவுன்சிலர் தன் மதத்தைத் திணிக்கக்கூடாதுங்கிறது நூத்துக்கு நூறு சரி. ஆனா வர்றவங்க செருப்பைத்தான் வெளிய விடுவாங்க, சாமியை விட்டுட்டு வரமாட்டாங்க. நம்ம பக்கத்தைப் பாருங்க. வேளாங்கண்ணியில மொட்டை போட்டுட்டு அப்படியே நாகூர் தர்காவுக்குப் போயிட்டு வர்ற இந்துக் குடும்பம் எத்தனை! மனசு சரியில்லன்னா திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயில்ல 48 நாள் தங்கவைக்கிற வழக்கம் இன்னிக்கும் இருக்கு. இந்த மண்ணுல, “ஆண்டவர் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுட்டார்”னு ஒருத்தர் சொன்னா, அது மதப் பேச்சுன்னு ஒதுக்க முடியாது, அதுதான் நோயோட நாடி. கென்னத் பார்கமென்ட்னு ஒரு உளவியலாளர் இதையே வாழ்நாள் வேலையா ஆராய்ஞ்சார். விசுவாசம் சில பேரைத் தாங்குது, தெய்வம் என்னை வெறுக்குதுன்னு நம்புற சில பேரை இன்னும் அமுக்குதுன்னு பிரிச்சுக் காட்டினார். எது எதுன்னு கண்டுபிடிக்க கவுன்சிலருக்கு ரெண்டு பாஷையும் தெரியணுமா இல்லையா?

ரெண்டையும் இணைக்கிறதுன்னா திங்கள்கிழமை வேதம், செவ்வாய்க்கிழமை சைக்காலஜின்னு டைம்டேபிள் போடுறது இல்ல. எனக்கு அது எங்க புரிஞ்சுதுன்னு சொல்றேன். வெர்பாட்டிம்னு ஒண்ணு எழுதச் சொல்வாங்க. ஒரு நோயாளியைப் பாத்துட்டு வந்து, அவர் என்ன சொன்னார், நீ என்ன சொன்ன, வரிக்கு வரி ஞாபகத்துலேர்ந்து எழுதணும். அதை மேற்பார்வை பாக்குற ஆசிரியர் முன்னாடி வாசிக்கணும். எனக்குக் கை நடுங்கும். டயாலிசிஸ்ல இருந்த ஒரு பெரியவரைப் பாத்துட்டு எழுதியிருந்தேன். அவர், “பொண்ணு கல்யாணத்தைப் பாப்பனான்னு தெரியல”ன்னு சொல்லிட்டு சும்மா இருந்தார். அடுத்த வரி, “நான்: ஜெபிக்கலாமா ஐயா?” ஆசிரியர் அந்த வரியை வட்டம் போட்டு, “இந்த ஜெபம் யாருக்கு? அவருக்கா, உங்களுக்கா?”ன்னு கேட்டார். எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்த மௌனத்தை என்னால தாங்க முடியல, தப்பிக்கிறதுக்கு ஜெபத்தைப் பிடிச்சுக்கிட்டேன். அடுத்த வாரம் போய் சும்மா உக்காந்தேன். அவர் பொண்ணைப் பத்தி அரை மணி நேரம் பேசினார். கடைசியில அவரே, “ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போம்மா”ன்னார். கடவுளை ரூமுக்குள்ள கூட்டிட்டு வர வேண்டியது கிளையன்ட், அதாவது உதவி தேடி வர்றவங்க. நான் கதவைத் திறந்து வெச்சிருந்தாப் போதும். இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்திருக்காது.

அதான், எந்தக் கல்லூரியா இருந்தாலும் ‘கிறிஸ்தவ’ங்கிற வார்த்தையைப் பாக்குறதுக்கு முன்னாடி, மேற்பார்வையில எத்தனை மணி நேரம்னு கேளுங்க. அமெரிக்காவுல கவுன்சிலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தர்ற கேக்ரெப்னு ஒரு அமைப்பு இருக்கு. அவங்க கணக்குல எம்.ஏ.வுக்குப் பிராக்டிகம்ங்கிற முதல் கட்டப் பயிற்சி 100 மணி, அப்புறம் இன்டர்ன்ஷிப் 600 மணி. அந்த 600-ல 240 மணி கிளையன்ட்டுக்கு எதிர்ல உக்காந்திருக்கணும். இங்க அந்த அளவு கெடைக்காம போகலாம், ஆனா அளவுகோலா வெச்சுக்கங்க. இறையியல் பட்டம் தர்ற செராம்பூர் செனட் வழியா வர்ற எம்.டிஎச். கவுன்சிலிங் வேற வழி, அது இறையியல் முதுகலை, அதுக்கு முதல்ல பி.டி.ங்கிற இறையியல் பட்டம் முடிச்சிருக்கணும், ஊழியத்துக்குப் போறவங்களுக்கு நல்லது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்டணும்னா ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், பதிவு வேணும், கவுன்சிலிங் எம்.ஏ. மட்டும் அதுக்குப் பத்தாது.

ரகசியம் காக்கிறதைப் பத்தித் தனி பாடம் இருக்கான்னும் கேளுங்க. நம்ம சபைகள்ல இது பெரிய ஓட்டை. சனிக்கிழமை ஒரு பொண்ணு அழுதுட்டுப் போகும், ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல “நமக்குத் தெரிஞ்ச ஒரு சகோதரி”ன்னு வரும். பேர் சொல்லலையாம்! மொத்தத் தெருவுக்கும் தெரியும். அதே நேரம், குழந்தைக்குப் பாலியல் கொடுமைன்னு தெரிஞ்சா ரகசியம்னு மூடிவைக்கக்கூடாது. 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகணும், ஐயரா இருந்தாலும், ஐயரம்மாவா இருந்தாலும்.

நாளைக்கே ரெண்டு மூணு கல்லூரிக்குப் போன் போட்டு, அவங்க சொல்ற மணிக்கணக்கை எனக்கு எழுதுங்க தங்கச்சி, சேந்து பாக்கலாம். அடுத்து பாபநாசத்துலேர்ந்து ஒரு தம்பி அப்பாவோட குடியைப் பத்திக் கேட்டிருக்கார். பெரிய கேள்வி. இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன்.