கட்டணம் எந்த ஆண்டில் வருகிறதோ, அந்த ஆண்டுக்குச் சேமியுங்கள்

பெற்றோர்களே, வணக்கம்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை கல்லூரியில் சேர இன்னும் ஆறு ஆண்டு இருக்கிறது. "இப்போது என்ன அவசரம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு.

நான்கு ஆண்டுப் படிப்பொன்றுக்கு இன்றைய ஆண்டுக் கட்டணம் 100 என்று வையுங்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால், பிள்ளை சேரும்போது அது 159. கடைசி ஆண்டில் 200. நாம் 400 என்று நினைத்திருப்போம், கட்ட வேண்டியதோ 715. விடுதி, புத்தகம், பயணம் எல்லாம் தனி. இன்றைய கட்டணத்தையே இலக்காக வைப்பதால்தான் ஒழுங்காகச் சேமித்த குடும்பமும் கடைசியில் கடன் வாங்குகிறது.

மாதம் 1,000 வீதம் 6 சதவீத வட்டியில் ஆறு ஆண்டு போட்டால் ஏறக்குறைய 86,400 சேரும். மூன்று ஆண்டு தள்ளிப்போட்டு அதே தொகையை எட்ட வேண்டுமானால் மாதம் 2,200 போட வேண்டும். ஆகவே தொகை சிறிதானாலும் இந்த மாதமே தொடங்குங்கள். சம்பளம் வந்த அன்றே தானாகக் கழியும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். செலவு போக மிஞ்சுவதைப் போடலாம் என்றால், எதுவும் மிஞ்சாது.

எங்கே போடுவது? நான்கு கட்டணமும் ஒரே நாளில் வருவதில்லை. முதல் ஆண்டுக்கு ஆறு ஆண்டு அவகாசம், கடைசி ஆண்டுக்கு ஒன்பது. கடைசி இரண்டு ஆண்டுக்கான பணத்தில் ஒரு பகுதி பங்குச் சந்தை சார்ந்த நிதியில் இருக்கலாம். ஆனால் எந்தக் கட்டணத்துக்கும் மூன்று ஆண்டு இருக்கும்போதே, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக அதை நிலை வைப்புக்கு மாற்றிவிட வேண்டும். சந்தை 20 சதவீதம் விழுந்தால், பழைய நிலைக்கு வர 25 சதவீதம் ஏற வேண்டும். அதுவரை கல்லூரி காத்திருக்காது. மருத்துவச் செலவுக்கென்று தனியாகக் கொஞ்சம் வையுங்கள். இல்லாவிட்டால் முதலில் உடைவது படிப்புப் பணம்தான். சம்பாதிப்பவர் பேரில் ஆயுள் காப்பீடும் வேண்டும், ஆனால் அதைச் சேமிப்போடு குழப்பாதீர்கள். இரண்டையும் கலந்த பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் பெரும்பாலும் கட்டிய பணமே முழுதாகத் திரும்பாது.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது பின்னக் கணக்கு. இன்றிரவு பிள்ளையிடம் 1/2 + 1/3 கேளுங்கள். 2/5 என்று பதில் வந்தால் திட்டாதீர்கள். "2/5 பெரிதா, 1/2 பெரிதா?" என்று மட்டும் கேளுங்கள். கூட்டிய பிறகு விடை எப்படிக் குறைந்தது என்று பிள்ளையே யோசிக்கட்டும். மேலே கீழே தனித்தனியாகக் கூட்டும் இந்தப் பழக்கம் இப்போது திருந்தாவிட்டால், அடுத்து வரும் இயற்கணிதமும் இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து தடுமாறும். பிறகு கணக்கே வேண்டாம் என்று பாடத்தை விடுவான். அதோடு பல படிப்புகளின் கதவும் அடைபடும். தினம் இருபது நிமிடம் இதற்குப் போதும். வாசிப்புக்கும் அப்படித்தான்: ஒரு பக்கம் படித்து, புத்தகத்தை மூடி, சொந்த வார்த்தையில் சொல்லட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை சேமிப்புக் கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். விரும்பும் படிப்பின் அப்போதைய கட்டணத்தையும், அதில் சேர என்னென்ன பாடம் கட்டாயம் என்பதையும் பிள்ளையே தேடி எழுதட்டும். பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் வங்கிக் கணக்கிலும் பெயரின் எழுத்து ஒன்றுபோல் இருக்கிறதா என்று அன்றே ஒத்துப் பாருங்கள். உதவித்தொகை விண்ணப்பம் அந்த ஓர் எழுத்தில் நின்றுவிடும். திருத்துவதற்கு இப்போது அவகாசம் இருக்கிறது.