ஒரே காலிஃபிளவர், வேலை நாள் சமையல்

வணக்கம் மக்களே. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், வேலூர் சத்துவாச்சாரி, நம்ம வீட்டு அடுப்படி. நேதாஜி மார்க்கெட்டில் வாங்கிய காலிஃபிளவர் இலையோடு மேடையில் இருக்கிறது. காலையில் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு ராணிப்பேட்டை பஸ்ஸுக்கு ஓடுகிற என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட உதவியான காய் கிடையாது. தோல் சீவ வேண்டாம், பொடியாக நறுக்க வேண்டாம், அடுப்பில் ஏற்றினால் பத்து நிமிஷம். ஆனால் நிறைய வீடுகளில் இது குழைந்துபோய், தண்ணீர் விட்டு, ஒரு வாடையோடு தட்டுக்கு வருகிறது. காய் மேல் தப்பு இல்லை. தண்ணீரில் அதைப் படுத்துகிற பாடுதான் காரணம். இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

முதலில் வாங்குவது. கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள். பூ இறுக்கமாக இருக்கவேண்டும், கையில் எடுத்தால் கனம் தெரியவேண்டும். சுற்றி இருக்கிற இலையை மடக்கினால் படக்கென்று ஒடியவேண்டும். பழுப்புப் புள்ளி இருந்தால் விட்டுவிடுங்கள். லேசான மஞ்சள் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வயலில் பூ மேல் வெயில் பட்டால் அந்த நிறம் வரும். வெள்ளையாக இருக்கவேண்டும் என்றுதான் விவசாயிகள் இலையை மடக்கிப் பூவை மூடிவிடுகிறார்கள். இது குளிருக்கு விளைகிற பயிர். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் நன்றாக வரும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் பூவும் நன்றாக இருக்கும், விலையும் இறங்கும். வெயில் காலத்தில் பூ விரிந்து அரிசி அரிசியாகப் பிரிந்து நிற்கும். அப்படி இருந்தால் நான் வாங்குவதில்லை, அவரைக்காயோ கத்திரிக்காயோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது ஞாபகம் இருக்கும். அதற்குத் தனியாக ஒரு வீடியோ போடவேண்டும்.

சரி, புழு விஷயத்துக்கு வருவோம். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நேராகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் புழு செத்துப்போகும், ஆனால் பூவின் இடுக்கிலேயே மாட்டிக்கொள்ளும். பச்சைப் புழு அந்தச் சின்னக் காம்பின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்கும் படாது. அதனால் முதலில் பச்சைத் தண்ணீர். ஒரு அகலமான பாத்திரத்தில் கைப்பிடி கல் உப்பைக் கரைத்து, பிரித்த பூக்களைத் தலைகீழாக, காம்பு மேலே இருக்கிற மாதிரி, கால் மணி நேரம் அமுக்கி வையுங்கள். உள்ளே இருப்பது தானாக வெளியே வந்துவிடும். இதோ ஒன்று வந்துவிட்டது பாருங்கள், பாத்திரத்தின் அடியில்.

அடுத்ததுதான் வெந்நீர். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் மஞ்சள் தூள் போட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகுதான் பூவைப் போடவேண்டும். மூன்று நிமிஷம் போதும், உடனே வடித்துவிடுங்கள். அடுப்பு எரிய எரிய வேகவிட்டால் இதில் இருக்கிற வைட்டமின் சி தண்ணீரோடு போய்விடும். அது தண்ணீரில் கரைகிற சத்து. அந்த வாடையும் அப்போதுதான் கிளம்பும், காயில் இருக்கிற கந்தகச் சத்து நேரம் ஆக ஆக வெளியே வரும். குக்கரில் விசில் விட்டால் கேட்கவே வேண்டாம்.

வடித்த பிறகு செய்கிற வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழைய வேட்டித் துணியை விரித்து, பூக்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ஃபேனுக்கு அடியில் வைத்துவிடுங்கள். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. நான் ராத்திரி சாப்பாடு முடித்து வருவதற்குள் காய்ந்துவிடும். துணி போட்ட டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் புதன்கிழமை வரைக்கும் தாங்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் பாதிப் பூவைக் கழுவாமல், பிரிக்காமல், பேப்பரில் சுற்றி வைத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை மிளகுப் பொரியல். இரும்புக் கடாய் நன்றாகக் காயவேண்டும். எண்ணெய், சோம்பு, கறிவேப்பிலை, தோலோடு தட்டிய பூண்டு, நீளமாக நறுக்கிய வெங்காயம். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் பூவைப் போட்டுத் தீயைக் கூட்டிவிடுங்கள். மூடி போடாதீர்கள், மூடினால் ஆவி தண்ணீராகித் திரும்பக் கடாயிலேயே விழும். கரண்டியால் ஓயாமல் கிண்டவும் வேண்டாம். ஒரு பக்கம் கொஞ்சம் நேரம் அப்படியே விட்டால், விளிம்பில் பழுப்பாக முறுகும். அந்த முறுகலில்தான் ருசி. உப்பை நடுவில் போடுங்கள், ஆரம்பத்தில் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். மிளகும் சீரகமும் பொடித்த தூளை அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள், வாசனை நிற்கும். தயிர் சாதத்துக்கும் ரசத்துக்கும் மத்தியானம் வரை மொறுமொறுப்பு போகாமல் இருக்க, ஆறவிட்டு டப்பாவை மூடுங்கள்.

தண்டைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு அதைப் பார்த்தால் மனசு கேட்காது. காசு கொடுத்து எடை போட்டு வாங்கியதில் அது எவ்வளவு இருக்கிறது! நடுத்தண்டின் நாரை மட்டும் சீவிவிட்டுப் பொடியாக நறுக்கி, உள்ளே இருக்கிற இளம் இலையையும் சேர்த்து, பாதி வெந்த பாசிப்பருப்பில் போடுங்கள். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்தால் கூட்டு ரெடி. சூடான சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்தாலும் சரி, எங்கள் அம்மா செய்கிற மாதிரி கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொண்டாலும் சரி, அருமையாக இருக்கும்.

பிள்ளைகள் சில்லி காலிஃபிளவர் கேட்பார்கள். வீட்டிலேயே செய்துகொடுங்கள். சாயத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த் தூள் போதும். கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கக்கூடாது என்று 2024 மார்ச்சில் கர்நாடகத்தில் தடையே போட்டார்கள். துணிக்குப் போடுகிற ரோடமைன்-பி சாயம் சாப்பாட்டில் கலந்தது தெரிந்த பிறகு வந்த தடை அது. கடையில் பளீர் சிவப்பைப் பார்த்தால் குழந்தைக்கு வாங்கித் தராதீர்கள், தயவுசெய்து.

புதன்கிழமை ராத்திரி டப்பாவில் உதிரிப் பூவும் பொடியும்தான் மிச்சம் இருக்கும். அதைக் கையால் இன்னும் உதிர்த்து, வெங்காயம் பச்சை மிளகாயோடு வதக்கி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றிப் பொடிமாஸ் மாதிரி கிளறிவிடுங்கள். சப்பாத்திக்குள் சுருட்டிக் கொடுத்தால் முடிந்தது.

ஆம்பூர், குடியாத்தம், திருப்பத்தூர் பக்கம் இருக்கிறவர்கள், உங்கள் வீட்டில் தண்டை வேறு எப்படிச் சமைக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள், அடுத்த வாரம் செய்து பார்க்கிறேன். வெந்நீர் கொதித்துவிட்டது, நான் பூவைப் போடுகிறேன்.