மேக்கில் ரெவிட்: ஓடுகிறது, ஆனால் யார் பொறுப்பில்?

[திரையில்: மேக்புக்கின் முகப்பு. அதன் மேல் ஒரு சாளரத்தில் விண்டோஸ் 11. அதற்குள் ரெவிட் திறந்துகொண்டிருக்கிறது.]

வணக்கம். இப்போது நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஆப்பிளின் எம் வரிசைச் சிப் கொண்ட ஒரு மேக்புக். அதில் திறந்துகொண்டிருப்பது ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ரெவிட், அதாவது கட்டடங்களை முப்பரிமாண மாடலாக வடிவமைக்கும் மென்பொருள். ரெவிட்டுக்கு மேக் பதிப்பு என்று ஒன்று வந்ததே இல்லை. ஆப்பிள் சிப்பில் அதை ஓட்டுவதற்கு ஆதரவு தருவதில்லை என்று அந்த நிறுவனம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. இருந்தாலும் ஓடுகிறது. கட்டடக்கலை மாணவர்கள் பலர் மடிக்கணினியை வாங்கிவிட்ட பிறகுதான் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார்கள் என்பதால், எது ஓடும், எது ஓடாது, ஓடாமல் போனால் யாரிடம் போய் நிற்பது என்பதைச் சற்று நிதானமாகவே பார்க்கலாம்.

மேக் பதிப்பு ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை ரெவிட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. 1997இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஒரு சிறு நிறுவனம் விண்டோஸை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய மென்பொருள் இது. முதல் பதிப்பு 2000இல் வந்தது, 2002இல் 13.3 கோடி டாலர் கொடுத்து ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. அன்று போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் இன்றுவரை மாடி மேல் மாடியாக எழுப்பியிருக்கிறார்கள். திரையில் வரைவது டைரக்ட்எக்ஸ் வழியாக, ஆட்-இன்கள் எனப்படும் கூடுதல் கருவிகள் இயங்குவது டாட்நெட் வழியாக. இரண்டுமே மைக்ரோசாஃப்டின் சரக்கு. அதே நிறுவனத்தின் வரைபட மென்பொருளான ஆட்டோகேட் மேக்கில் கிடைக்கிறது, 2024 பதிப்பிலிருந்து ஆப்பிள் சிப்பில் நேரடியாகவே ஓடுகிறது. ஹங்கேரியில் பிறந்த ஆர்க்கிகேட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள் தொடக்க காலத்திலேயே ஆப்பிள் கணினிகளில் வளர்ந்தது. ஆகவே மேக்கில் கட்டட வரைபடமே போட முடியாது என்பதில்லை. நீங்கள் சேரப்போகும் அலுவலகம் ரெவிட் ஃபைல்தான் வேண்டும் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இன்டெல் சிப் இருந்த காலத்து மேக்கில் இதற்கு எளிதான வழி ஒன்று இருந்தது. 2006இல் ஆப்பிளே கொடுத்த பூட் கேம்ப் மூலம் கணினியை விண்டோஸில் தொடங்கிவிட்டால், அது எந்தக் கூத்தும் இல்லாத ஒரு விண்டோஸ் கணினிதான். 2020 நவம்பரில் எம்1 வந்தபோது அந்த வழி அடைபட்டது. ஆப்பிள் சிப்புக்குப் புரிவது ஏஆர்எம் கட்டளைகள். ரெவிட் எழுதப்பட்டிருப்பதோ இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்கான எக்ஸ்64 கட்டளைகளில்.

[திரையில்: ஒன்றன் மேல் ஒன்றாக நான்கு பெட்டிகள். அடியில் ஆப்பிள் சிப், அதன் மேல் மேக்ஓஎஸ், அதன் மேல் பேரலல்ஸ், உச்சியில் ஏஆர்எம் விண்டோஸ். அதற்குள் ரெவிட்.]

இந்தப் படத்தில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. எக்ஸ்64 கட்டளைகளை ஏஆர்எம் கட்டளைகளாக மாற்றுவது, மேக்குக்குள் விண்டோஸை ஓட்ட உதவும் பேரலல்ஸ் என்ற மென்பொருள்தான் என்று நினைக்கிறார்கள். பேரலல்ஸ் செய்வது, ஏஆர்எம் விண்டோஸ் குடியிருப்பதற்கு மேக்குக்குள் ஓர் அறை ஒதுக்கித் தருவது மட்டுமே. கட்டளைகளை மாற்றும் வேலையை அந்த விண்டோஸே செய்கிறது: ரெவிட்டின் கட்டளைகளைத் துண்டு துண்டாக எடுத்து, ஏஆர்எம்முக்கு மாற்றி, அடுத்த முறைக்கு உதவும் என்று எடுத்தும் வைத்துக்கொள்கிறது. ஏஆர்எம் விண்டோஸ் 10 இப்படி 32 பிட் நிரல்களை மட்டுமே ஓட்டியது. 64 பிட் நிரல்களை ஓட்டும் திறன் விண்டோஸ் 11இல்தான் முழுமையாக வந்தது. ஆப்பிள் சிப்பில் பேரலல்ஸ் வழியாக இந்த விண்டோஸை ஓட்டலாம் என்று மைக்ரோசாஃப்ட் 2023 பிப்ரவரியில் முறையான ஒப்புதல் தந்தது. ஆக, விண்டோஸ் வரைக்கும் நீங்கள் ஒப்புதல் உள்ள இடத்தில்தான் நிற்கிறீர்கள். ரெவிட்டைத் திறக்கும் அந்த ஒரு கிளிக்கில்தான் எல்லைக் கோட்டைத் தாண்டுகிறீர்கள்.

நடைமுறையில் முதலில் நெருக்கடி கொடுப்பது ரேம். அண்மைப் பதிப்புகளுக்குக் குறைந்தது 16 ஜிபி வேண்டும் என்பது ஆட்டோடெஸ்க்கின் கணக்கு. உங்கள் மேக்கில் இருப்பதே 16 ஜிபி என்றால், அதில் பாதியை மேக்ஓஎஸ்ஸுக்கு விட்டுவிட்டு மீதியைத்தான் விண்டோஸுக்குத் தர முடியும். போதாக்குறைக்குப் பேரலல்ஸின் ஸ்டாண்டர்ட் பதிப்பு, மெய்நிகர் கணினிக்கு, அதாவது விண்டோஸ் குடியிருக்கும் அந்த அறைக்கு, 8 ஜிபிக்கு மேல் ஒதுக்கவே விடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ப்ரோ பதிப்பை வாங்க வேண்டும். இரண்டு மாடி வீடு ஒன்றின் மாடலை நான் 8 ஜிபியில் ஓட்டிப் பார்த்தபோது பிளானும் செக்ஷனும் தடங்கலின்றி வந்தன. அதே அமைப்பில், கட்டமைப்பு மாடலையும் குழாய்ப் பணி மாடலையும் லிங்க் செய்த, அதாவது தனி ஃபைல்களாகவே இணைத்த, பெரிய கட்டடம் ஒன்றைத் திறந்து 3டி காட்சியைச் சுழற்றியபோது, திரை நின்று நின்று நகர்ந்தது.

கிராபிக்ஸ் விஷயத்தில் இன்னொரு மொழிபெயர்ப்பு நடக்கிறது. ரெவிட் கேட்பது டைரக்ட்எக்ஸ் 11. மேக்குக்குத் தெரிந்தது ஆப்பிளின் மெட்டல். இடையில் நின்று ஒன்றை மற்றொன்றாக்கித் தருவது, இங்கே மட்டும், பேரலல்ஸ்தான். கோடுகள் சிதறியோ காட்சி வெறுமையாகவோ தெரிந்தால், ரெவிட்டின் ஆப்ஷன்ஸில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் என்ற டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். வேகம் குறையலாம், ஆனால் கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். டைரக்ட்எக்ஸ் 12ஐயோ அதைப் போன்ற வல்கனையோ எதிர்பார்க்கும் நிகழ்நேர ரெண்டரிங் ஆட்-இன்களை இந்த அமைப்பில் நம்பவே வேண்டாம். எஸ்டிமேஷன், ஸ்ட்ரக்சுரல் மென்பொருள்கள் சிலவற்றுக்கு யுஎஸ்பி டாங்கிள் என்ற உரிமச் சாவியைச் செருக வேண்டியிருக்கும். அதன் டிரைவர் ஏஆர்எம்முக்கென்றே எழுதப்பட்டிருந்தால் ஒழிய அது வேலை செய்யாது. நிரல்களை மாற்றித் தரும் விண்டோஸ், டிரைவர்களை மாற்றித் தருவதில்லை.

[திரையில்: மேனேஜ் லிங்க்ஸ் பெட்டி. ஃபைல் பாதை இருக்கும் கட்டம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது.]

நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டது இது. பேரலல்ஸ் உங்கள் மேக் ஃபோல்டர்களை விண்டோஸுக்குள்ளும் காட்டும். ஆனால் அங்கே அவற்றின் பாதை சி டிரைவில் தொடங்காமல், இரண்டு பின்சாய்வுக் கோடுகளுடன் மேக் என்ற பெயரில் தொடங்கும், ஏதோ நெட்வொர்க்கில் உள்ள வேறொரு கணினியைப் போல. கட்டமைப்பு மாடலை அங்கிருந்தே முழுப் பாதையோடு லிங்க் செய்து, ஃபைலை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அங்கே திறந்தவருக்குத் தூணும் இல்லை, உத்தரமும் இல்லை. லிங்க் கிடைக்கவில்லை என்ற செய்தி மட்டுமே வந்தது. அன்றிலிருந்து ரெவிட் ஃபைல்கள் எல்லாவற்றையும் மெய்நிகர் கணினியின் சி டிரைவுக்குள்ளேயே வைக்கிறேன், லிங்க்குகளை, மாடல் ஃபைல் இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடும் ரிலேட்டிவ் பாதையில் கொடுக்கிறேன். பலர் சேர்ந்து வேலை செய்யும் சென்ட்ரல் ஃபைலை இந்த மேக் ஃபோல்டரில் வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

விசைப்பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரெவிட்டில் டபிள்யூ, ஏ என்று தட்டினால் சுவர் வரும். அது மேக்கிலும் அப்படியேதான். ஆனால் மேக்புக்கில் டிலீட் என்று எழுதியிருக்கும் விசை, விண்டோஸைப் பொறுத்தவரை பேக்ஸ்பேஸ். தேர்ந்தெடுத்த சுவரை நீக்க எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், அல்லது டி, இ என்று தட்டுங்கள். சக்கரமுள்ள மவுஸ் ஒன்றையும் வாங்கிவிடுங்கள். சக்கரத்தை அழுத்தி நகர்த்தியே பழகிய கைக்கு டிராக்பேட் தண்டனை.

லினக்ஸில், விண்டோஸ் நிரல்களை விண்டோஸ் இல்லாமலே ஓட்ட உதவும் வைன் வழியாக ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். 1993இல் தொடங்கிய வைன் ஓர் அருமையான முயற்சிதான். ஆனால் இன்ஸ்டாலர், லைசென்ஸ் சேவை, டாட்நெட் என்று ரெவிட் இழுத்துக்கொண்டு வரும் சுமையை அதன் தலையில் ஏற்ற நான் யாரையும் தூண்டமாட்டேன்.

இனி, ஆதரவு இல்லை என்பதன் உண்மையான பொருளுக்கு வருவோம். இந்த அமைப்பில் நான்கு பொருள்கள் நான்கு வெவ்வேறு காலண்டர்களில் ஓடுகின்றன: மேக்ஓஎஸ், பேரலல்ஸ், விண்டோஸ், ரெவிட். இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்து ஓடுகின்றனவா என்று சோதித்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. ஓர் அப்டேட்டுக்குப் பிறகு ரெவிட் திறக்க மறுத்தால், ஆட்டோடெஸ்க்குக்கு நீங்கள் அனுப்பும் புகார் முதல் கேள்வியிலேயே முடிந்துவிடும். இதோடு ரெவிட்டின் குணம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது: புதிய பதிப்பில் சேமித்த ஃபைலைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது, பழைய வடிவத்தில் சேமித்துத் தரவும் அதில் வழியில்லை. ஆகவே உடன் வேலை செய்பவர் ரெவிட் 2026 பதிப்புக்கு மாறிவிட்டால், 2025 பதிப்பு நன்றாக ஓடுகிறதே என்று நீங்கள் அங்கேயே தங்கிவிட முடியாது.

அதனால் நான் வைத்திருக்கும் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிப் பயிற்சிக்கும், சிறு வீடுகளுக்கும், அடுத்தவர் மாடலைத் திறந்து பார்ப்பதற்கும் இந்த மேக் போதும். கெடு வைத்த வேலையென்றால், ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அலுவலகத்து விண்டோஸ் கணினிக்குள் நுழைந்துவிடுவேன். அப்போது மேக் வெறும் திரைதான், மொழிபெயர்ப்புத் தொல்லை எதுவும் கிடையாது. மேக்கில் எந்த அப்டேட்டைப் போடுவதற்கு முன்பும், பேரலல்ஸின் ஆக்‌ஷன்ஸ் மெனுவில் இருக்கும் டேக் ஸ்னாப்ஷாட்டை அழுத்தி, மெய்நிகர் கணினியின் அந்த நேரத்து நிலையைச் சேமித்து, அதற்குத் தேதியையே பெயராக வைக்கிறேன். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் ஃபைல்களும் அந்தத் தேதிக்கே போய்விடும் என்பதால், மாடலின் நகல் ஒன்றை முதலில் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: ஸ்னாப்ஷாட் பெட்டியில் தேதி தட்டச்சாகிறது. ஓகே பொத்தான் அழுத்தப்படுகிறது.]