கட்டடத்தை எப்படி அரங்குக்குள் கொண்டுவருவது?

அடுத்த கேள்வி கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறது. கேட்டிருப்பவர் ஒரு கட்டடக் கலைஞர். "ஒரு கலைக்கூடம் என்னை விருந்தினர் கியூரேட்டராக அழைத்திருக்கிறது. சமகாலக் கலையும் கட்டடக்கலையும் சேர்ந்த கண்காட்சி. எனக்குக் கட்டத்தான் தெரியும். இதில் என் வேலை எதுவரை? கட்டடங்களை எப்படிக் காட்சிக்கு வைப்பது? என் சொந்தக் கட்டடம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாமா?" மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் இருப்பதுதான் பெரியது. முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே போகிறேன்.

கியூரேட்டர் என்றால் கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்து அமைப்பவர். வெளியிலிருந்து அழைக்கப்படும் விருந்தினர் கியூரேட்டர் கல்யாண வீட்டுக்கு வந்த தவசிப்பிள்ளை மாதிரி. என்ன சமைப்பது, எந்த வரிசையில் பரிமாறுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. உக்கிராணச் சாவி மட்டும் வீட்டுக்காரர் இடுப்பில் இருக்கும். பணம், ஊழியர்கள், கிடங்கு, காவலர், மின்சாரம் எதுவும் உங்கள் கையில் இல்லை. ஆனால் சாம்பாரில் உப்பு கூடினால் பெயர் உங்களுக்குத்தான்.

அதனால் சம்மதம் சொல்வதற்கு முன்பு சிலவற்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள். உங்கள் ஊதியம் வேறு, கண்காட்சிச் செலவு வேறு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே தொகையாகச் சொன்னால், கடைசி வாரத்தில் மரவேலைக்காரர் கூலி உங்கள் ஊதியத்திலிருந்துதான் போகும். ஒரு படைப்பை வேண்டாம் என்று நிறுத்தும் கடைசி அதிகாரம் யாருக்கு? கண்காட்சி முடிந்தபின் பிரித்து அகற்றும் செலவு யாருடையது? காப்பீடு 'ஆணியிலிருந்து ஆணி வரை' இருக்கிறதா? அதாவது, உடைமையாளர் வீட்டுச் சுவரிலிருந்து இறங்கிய நொடி முதல் அதே சுவரில் திரும்ப ஏறும்வரை. பெட்டியைத் திறக்கும்போதே ஒவ்வொரு படைப்பின் கீறலையும் கறையையும் படம் எடுத்து, தேதி போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இது கலைக்கூட ஊழியர் வேலைதான். இருந்தாலும் பக்கத்தில் நில்லுங்கள்.

சாவி கையில் இல்லாததன் பொருள் என்ன என்பதற்குக் கொச்சியைப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் நடக்கும் பெருங்கண்காட்சிக்குப் பினாலே என்று பெயர். கொச்சி-முசிறிஸ் பினாலே 2012-இல் தொடங்கியதிலிருந்து கலைஞர்களையே கியூரேட்டர்களாக வைத்து நடக்கிறது. 2014-இல் ஜிதிஷ் கல்லாட், 2016-இல் சுதர்சன் ஷெட்டி, 2018-இல் அனிதா தூபே, 2022-இல் ஷுபிகி ராவ். ராவின் பதிப்பு 2022 டிசம்பர் 12 அன்று திறக்க வேண்டியது. முக்கியமான இடங்கள் தயாராகவில்லை. கலைஞர்களும் பார்வையாளர்களும் ஊருக்கு வந்து இறங்கிவிட்ட பிறகு, 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. தேர்வும் சிந்தனையும் கியூரேட்டருடையவை. கட்டடங்களோ அவருடையவை அல்ல. நீங்கள் கட்டடக் கலைஞர் என்பதால் இந்த வேதனை உங்களுக்குப் புதிதாக இருக்காது. அங்கே மேஸ்திரி, இங்கே அலுவலகம்.

சரி, இரண்டாவது கேள்வி. ஓவியம் அரங்குக்குள் வந்தால் ஓவியமே வந்துவிட்டது. கட்டடம் அப்படி வராது. அதன் வரைபடம் வரும், சின்ன அளவில் செய்த மாதிரி வரும், புகைப்படம் வரும். ஒரே அரங்கில் ஒரு பக்கம் பொருளே நிற்கிறது, மறு பக்கம் பொருளைப் பற்றிய தகவல் நிற்கிறது. கலையும் கட்டடக்கலையும் சேர்ந்த கண்காட்சிகளில் பாதி இந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன. இடது பக்கம் ஓவியங்கள், வலது பக்கம் பெரிய பெரிய பலகைகளில் தளவரைபடமும் எட்டுப் பத்தி விளக்கமும். புத்தகத்தைப் பிரித்துச் சுவரில் ஒட்டினால் அது கண்காட்சி ஆகிவிடாது. நின்றுகொண்டு எட்டுப் பத்தி படிக்க யாருக்கும் கால் வலிக்கும்.

இதற்கு இதுவரை இரண்டு வழிகளில் நல்ல விடைகள் வந்திருக்கின்றன. முதல் வழி, அரங்குக்குள்ளேயே கட்டிவிடுவது. 1980-இல் வெனிஸ் கட்டடக்கலை பினாலேயில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பாவ்லோ போர்த்தொகேசி செய்தது அதைத்தான். வெனிஸ் கப்பல்தளத்தில் கயிறு திரிக்க எழுப்பப்பட்ட கோர்தெரியே என்ற நீண்ட கூடத்தில், இருபது கட்டடக் கலைஞர்களிடம் ஆளுக்கு ஒரு வீட்டு முகப்பு கேட்டார். இரு பக்கமும் முகப்புகள், நடுவில் தெரு. ரோமிலுள்ள சினெசித்தா திரைப்பட நகரின் ஆட்கள் முழு அளவில் கட்டிக் கொடுத்தார்கள். ஃபிராங்க் கெரி, ரெம் கூல்ஹாஸ், அராத்தா இசொசாக்கி எல்லோரும் அந்தத் தெருவில் உண்டு. எனக்குப் பிடித்தது ஹான்ஸ் ஹொலைன் செய்தது. அந்தக் கூடத்தின் பழைய பருத்த தூண்களுக்கு இடையே அவரும் தூண்களை நிறுத்தினார். ஒன்று மரம் போல இலை தழைத்தது. இன்னொன்று பாதியில் அறுந்து மேலிருந்து தொங்கியது. அறுந்த தூணுக்கு அடியில் நுழைந்துதான் உள்ளே போக வேண்டும். பார்க்க வந்தவர் தலைக்கு மேல் தூண் தொங்குகிறதே என்று ஒரு நொடி தயங்கினால், அவர் கட்டடக்கலையை உடம்பால் பார்த்துவிட்டார் என்று பொருள். இதையெல்லாம் வெறும் அட்டை அலங்காரம் என்று சொன்னவர்களும் உண்டு. விமர்சகர் கென்னத் ஃபிராம்ப்டன் அந்தக் கண்காட்சியின் ஆலோசனைக் குழுவிலிருந்தே விலகினார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தெருவை யாரும் மறக்கவில்லை.

இரண்டாவது வழி, இருக்கிற கட்டடத்தையே காட்சிப்பொருளாக்குவது. உங்கள் கையில் இருக்கும் பணத்துக்கு இதுதான் சரி. 1969-இல் ஹரால்ட் ஸேமான் பெர்ன் நகரக் கலைக்கூடத்தின் இயக்குநராக நடத்திய கண்காட்சி இதற்குத் தலைவாசல். அதில் பங்கேற்ற கலைஞர் லாரன்ஸ் வைனர் கலைக்கூடத்துச் சுவரில் 36 அங்குலச் சதுரம் ஒன்றின் பூச்சைப் பெயர்த்து எடுத்தார். அந்தப் பெயர்ப்புதான் படைப்பு. இன்னொரு கலைஞர் மைக்கேல் ஹைஸர் கட்டடம் இடிக்கும் இரும்புக் குண்டைக் கொண்டுவந்து வாசல் நடைபாதையை உடைத்தார். ஊரில் கொதிப்பு. ஸேமான் அதே ஆண்டில் பதவியை விட்டுவிட்டு, எந்த நிறுவனத்தையும் சேராமல் கண்காட்சி அமைக்கும் தொழிலைத் தொடங்கினார். 1972-இல் ஜெர்மனியின் காஸல் நகரில் நடக்கும் டாக்குமென்டா என்ற பெருங்கண்காட்சி அவரை அழைத்தது. இன்று உங்களை அழைக்கிறார்களே, அந்தத் தொழிலின் முன்னோடி அவர்.

இதைவிட வேடிக்கை 2013-இல் நடந்தது. கியூரேட்டர் ஜெர்மானோ செலான்ட், ரெம் கூல்ஹாஸையும் கலைஞர் தாமஸ் டெமாண்டையும் சேர்த்துக்கொண்டு, 1969-இன் அதே பெர்ன் கண்காட்சியை வெனிஸில் ஒரு பழைய மாளிகைக்குள் மறுபடி அமைத்தார். படைப்புகளை மட்டும் கொண்டுவரவில்லை. பெர்ன் கலைக்கூடத்தின் அறைகளையே உண்மை அளவில் அந்த அலங்கார மாளிகை அறைகளுக்குள் செருகினார்கள். கிடைக்காத படைப்புகள் இருந்த இடத்தில் புள்ளிக்கோடு போட்டு, இங்கே இது இருந்தது என்று காட்டினார்கள். இல்லாத படைப்புக்கும் இடம் ஒதுக்கும் அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். கடன் கேட்ட படைப்பு கடைசி நேரத்தில் வராமல் போனால், நீங்களும் அதைச் செய்யலாம்.

நம் பக்கத்திலும் இந்த வழி நடந்திருக்கிறது. 2014 கொச்சி பினாலேயில் சிற்பி அனிஷ் கபூர், ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய கட்டடத்தில், கடலை ஒட்டிய அறையின் தரைக்குள் ஓயாமல் சுழலும் நீர்ச்சுழல் ஒன்றை அமைத்தார். கீழே சுழல், பக்கத்தில் கடல். அந்த அறை இல்லாமல் அந்தப் படைப்பு பாதிதான். 2019-இல் சென்னை போட்டோ பினாலேவை புகைப்படக் கலைஞர் புஷ்பமாலா வழிநடத்தியபோது, மெரினா எதிரே கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டிய செனட் ஹவுஸ் திறந்தது. பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் கட்டடம் அது. புகைப்படம் பார்க்க வந்தவர்கள் வண்ணக் கண்ணாடியையும் கூரையையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்றால், அதுவும் கண்காட்சியின் கணக்கில்தான் சேரும். கொழும்பு கொம்பனித்தெருவில் ரியோ திரையரங்கும் அதையொட்டிய விடுதியும் 1983 ஜூலையில் எரிக்கப்பட்டவை, தமிழருக்குச் சொந்தமானவை. கொலம்போஸ்கோப் கலைவிழா அங்கே படைப்புகளை வைத்தபோது, அந்தச் சுவர்களைப் பற்றித் தனியாக விளக்கப் பலகை தேவைப்படவில்லை.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது கலைஞர் பட்டியல் போடுவது அல்ல. கலைக்கூடம் காலியாக இருக்கும் ஒரு நாளில் அங்கே போய் உட்காருங்கள். வெயில் எந்த ஜன்னல் வழியாக எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஓவியரும் சிற்பியும் கட்டடக் கலைஞரும் மூவரும் பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வியை அந்த இடத்திலிருந்து எடுங்கள். நிழல், வாசல், தண்ணீர், எதுவாகவும் இருக்கலாம். 'மரபும் நவீனமும்' என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். அதற்குள் உலகமே அடங்கும். அதனால் எதுவும் தெரியாது.

மாதிரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் இடுப்பு உயர மேசையில் வைக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் கூரை தெரியும், காக்கைக்குத்தான் அது பயன்படும். அதே மாதிரியைத் தரையிலிருந்து 130, 140 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்துப் பாருங்கள். கண் வாசல் மட்டத்துக்கு வந்துவிடும், பார்ப்பவர் குனிந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். குழந்தைகளுக்கு ஒரு படி போட்டுவிடுங்கள். மூல வரைபடங்களுக்கு, குறிப்பாக டிரேசிங் தாளுக்கு, வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு). அரங்கில் மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருந்தால் அந்த மூலை இருட்டாகத் தெரியும். எனவே வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

எடை விஷயத்தில் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் கலைஞர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு கன மீட்டர் செங்கல் கட்டுமானம் இரண்டு டன்னை நெருங்கும். பொதுக்கூடத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ என்றுதான் கணக்கு வைப்பார்கள். பழைய பங்களாவின் மாடி என்றால், தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளமாக இருக்கும். அதை நம்பி யாரும் அங்கே சுவர் எழுப்ப வேண்டாம்.

பிரித்து அகற்றுவதையும் இப்போதே யோசியுங்கள். 2016 வெனிஸ் கட்டடக்கலை பினாலேவை அமைத்த அலெஹாந்த்ரோ அராவெனா, முந்தைய ஆண்டின் கலை பினாலே விட்டுச்சென்ற 10,000 சதுர மீட்டர் ஜிப்சம் பலகையையும் 14 கிலோமீட்டர் உலோகச் சட்டங்களையும் கொண்டே தன் நுழைவு அறைகளை அமைத்தார். பலகைகளைச் சுவரில் அடுக்கினார், சட்டங்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். உங்கள் கலைக்கூடத்தின் பின்பக்கக் கிடங்கில் சென்ற கண்காட்சியின் பலகைகள் நிச்சயம் கிடக்கும். புதிதாக வாங்குவதற்கு முன் அதைத் திறக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்வி, சொந்தக் கட்டடத்தைச் சேர்க்கலாமா என்பது. வேண்டாம். கலைக்கூடமே வற்புறுத்தினாலும் வேண்டாம். எந்தச் சுவர் யாருக்கு என்று நீங்கள்தான் பிரித்துக் கொடுக்கப் போகிறீர்கள். உங்கள் வரைபடம் மூலையில் தொங்கினால் போலிப் பணிவு என்பார்கள், நடுவில் தொங்கினால் சொல்லவே வேண்டாம். கண்காட்சியோடு வெளியாகும் கட்டுரைத் தொகுப்பில் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள், அது போதும். அடுத்த கேள்வி மதுரையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார், அதைப் பார்ப்போம்.