அரைஞாண் கயிற்றுக்கடியில் ஒரு பொருக்கு

நேயர்களே, வணக்கம்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் அழகர்மலை பச்சை கட்டிவிடும். நூபுர கங்கைக்கு நடந்தே ஏறுபவர்கள், நாகமலையில் ஞாயிறுதோறும் நடப்பவர்கள், அரிட்டாபட்டிக்குப் பறவை பார்க்கப் போகும் பிள்ளைகள், எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். நன்றாகப் போய்வாருங்கள். மருத்துவன் என்ற முறையில், இந்தப் பருவத்துக் காய்ச்சல் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு கல்லூரி மாணவர் வந்தார். ஐந்து நாளாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்று பரிசோதனைச் சீட்டுகள் சொல்லின. சட்டையைத் தூக்கச் சொன்னேன்; கூச்சப்பட்டார். அரைஞாண் கயிற்றை விலக்கினால், அதற்கடியில் மிளகளவு கருப்புப் பொருக்கு. பீடி நெருப்பு பட்டதுபோலச் சுற்றிலும் சிவப்பு. வலி இல்லை, அரிப்பு இல்லை, அவருக்கே தெரியாது.

“மலைப் பக்கம் போயிருந்தீர்களா தம்பி?”

“ரெண்டு வாரத்துக்கு முன்பு சிறுமலைக்குப் போனோம் சார். புல்லில் அப்படியே படுத்துத் தூங்கிவிட்டோம்.”

ஸ்க்ரப் டைபஸ். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். பெயர் அப்படி இருந்தாலும், மாட்டிலும் நாயிலும் தொங்கும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. உண்ணிக்குத் தூரத்து உறவான ஒரு பூச்சியின் குஞ்சுதான் பரப்புகிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எலி நடமாடும் புதரோரப் புல்லில் காத்திருந்து, உடம்பில் ஏறி, துணி இறுக்கும் இடமாகப் பார்த்துக் கடிக்கும். ஆடு மேய்ப்பவர்களும் களை எடுப்பவர்களும் வருடம் முழுக்க அந்தப் புல்லில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் ‘எங்கே வேலை செய்தீர்கள்’ என்று யாரும் கேட்பதில்லையே என்பது என் நெடுநாள் வருத்தம்.

நாயுண்ணி வேறொரு டைபஸ் காய்ச்சலைக் கொண்டுவரும். கர்நாடகத்தில் ஷிமோகா பக்கம் மலையேறப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: 1957-இல் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தபோது கண்டறியப்பட்ட காய்ச்சல், அதையும் உண்ணிதான் பரப்புகிறது. உண்ணி ஒட்டியிருந்தால் சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், ஊதுபத்திச் சூடு எதுவும் வேண்டாம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், திருகாமல் நேராக இழுத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

போகும்போது முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய பேன்ட். உட்கார விரிப்பு. துணியைப் புதரில் காயப்போடாதீர்கள். வீடு திரும்பியதும் உடுத்தியதைச் சுடுநீரில் போட்டுவிட்டு, தேய்த்துக் குளியுங்கள்.

அந்தத் தம்பிக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தோம். விலை குறைந்த மாத்திரை. இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. பெனிசிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியிடம் எடுபடாது. நாள் கடந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படும். அதற்காக நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம்.

மலை இறங்கி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் எங்கே நடந்தீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்பின் கீழ்ப்புறம் எல்லாவற்றிலும் அந்தக் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெண்கள் தயங்காமல் பெண் மருத்துவரையோ செவிலியரையோ வரச் சொல்லிக் காட்டுங்கள்.